எட்டு கரண்ட் சைக்கிளா, பத்து ஃபேனா? ஒரு சின்ன ஜிம்மின் கணக்கு

என் தம்பி திண்டுக்கல்லில் ஜிம் நடத்துகிறான். வாடகைக் கட்டடம், இரண்டாவது மாடி, ஆயிரத்து ஐநூறு சதுர அடி. போன மாதம் ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். மிதித்தால் கரண்ட் தரும் எட்டு சைக்கிள், பேட்டரி, இன்வெர்ட்டர், ஒயரிங் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய்.

"அக்கா, தினமும் எண்பது பேர் வந்து வியர்க்க விறுவிறுக்க மிதிச்சிட்டுப் போறாங்க. அவ்வளவும் சும்மா போகுது. அதைப் பிடிச்சா ஈபி பில்லுல பாதியாவது குறையாதா?"

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறேன். அவன் கேட்டது நல்ல கேள்வி. மனுஷ உழைப்பு வீணாகக் கூடாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதனால் சரிப்படாது என்று ஒரே வார்த்தையில் தள்ள மனம் வரவில்லை. வாட் மீட்டரையும், ஒயரில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கிளாம்ப் மீட்டரையும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அவன் ஜிம்மில் உட்கார்ந்தேன். அதே பணத்துக்கு வேறு என்னென்ன செய்யலாம் என்றும் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கும் மற்ற ஜிம்காரர்களுக்கும் பயன்படும் என்றுதான் அந்தக் கணக்கை இங்கே போடுகிறேன்.

முதலில் கரண்ட் எங்கே போகிறது என்று பார்த்தோம். ஜிம் காலை 5 முதல் 10 வரை, சாயங்காலம் 4 முதல் ஒன்பதரை வரை. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய சீலிங் ஃபேன் பத்து, ஒவ்வொன்றும் 75 வாட். பத்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு ஏழரை யூனிட். சோக் வைத்த பழைய ட்யூப்லைட் இருபது. சோக்கையும் சேர்த்தால் ஒன்று 50 வாட் இழுக்கிறது. விளக்கு எரியும் ஏழு மணி நேரத்துக்கு 7 யூனிட். மோட்டார் ட்ரெட்மில் மூன்று, ஆள் ஏறி ஓடும்போது சராசரியாக 700 வாட். ஒவ்வொன்றும் தினம் ஐந்து மணி நேரம் ஓடுவதால் மூன்றுக்கும் பத்தரை யூனிட். சாயங்காலம் நாலு மணி நேரம் ஓடும் இரண்டு பழைய ஏசி சேர்ந்து 12 யூனிட். பாட்டு, டிவி, குடிதண்ணீர் மெஷின் எல்லாம் 2 யூனிட். கூட்டினால் ஒரு நாளைக்கு 39 யூனிட். மாதத்தில் 26 நாள் திறக்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெள்ளை அட்டையில் எழுதும் ரீடிங்கும் 2,000 யூனிட்டை ஒட்டித்தான் இருந்தது. கணக்கு ஒத்துப்போனதும் எனக்குத் தைரியம் வந்தது. கடை இணைப்பு என்பதால் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஜிம்முக்குள் நுழைகிறவர்கள் ட்ரெட்மில்லைப் பார்த்ததும், இதில் இத்தனை பேர் ஓடுகிறார்களே, இதிலிருந்து கரண்ட் எடுக்கலாமே என்று நினைக்கிறார்கள். மோட்டார் ட்ரெட்மில்லில் நாம் பெல்ட்டைத் தள்ளுவதில்லை. மோட்டார்தான் பெல்ட்டை இழுக்கிறது, அதற்கு ஈடுகொடுத்து நாம் காலை மாற்றிப் போடுகிறோம். கார்டியோ பக்கத்தில் அதிகமாகக் கரண்ட் குடிக்கிற சாமானே அதுதான்.

அடுத்தது, ஒரு மனுஷக் கால் எவ்வளவு தரும்? சாதாரண ஆரோக்கியமுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் நிற்காமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் தருவார். நன்றாகப் பழகிய சைக்கிள்காரர் 200 வாட்டைத் தாங்கிப் பிடிப்பார். அதைவிட ரொம்ப மேலே போக உலகத்தரமான வீரர்கள் வேண்டும். லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஜெர்மன் சைக்கிள் வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டமன், 2015-ல் 700 வாட் டோஸ்டர் ஒன்றை மிதித்தே ஓட்டிக் காட்டினார். மரக்கட்டை போன்ற தொடை அவருக்கு. ஒரு துண்டு ரொட்டி சிவந்து வந்ததும் தரையில் சாய்ந்துவிட்டார். அவர் தந்த மின்சாரம் 0.021 யூனிட். நம் கட்டணத்தில் இருபத்தோரு பைசா.

2009-ல் பிபிசி தொலைக்காட்சி இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. ஒரு குடும்பத்துக்குத் தெரியாமலேயே, அவர்கள் வீட்டுக்குத் தேவையான கரண்டை ஒரு நாள் முழுக்க 80 பேர் சைக்கிள் மிதித்துக் கொடுத்தார்கள். ஓவன் எனப்படும் மின் அடுப்பைச் சூடாக்க 24 பேர், இரண்டு துண்டு ரொட்டி வாட்ட 11 பேர் தேவைப்பட்டார்கள். சூடாக்குகிற எந்தச் சாமானும் காலுக்குக் கட்டுப்படாது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க நான் சைக்கிள் டைனமோவைத்தான் சொல்வேன். எங்கள் அப்பா வேலை முடிந்து இருட்டில் வரும்போது, டைனமோவை விரலால் தட்டிவிடுவார். அது டயரில் உரசிக்கொண்டு 'ர்ர்ர்' என்று பாடும். கேரியரில் உட்கார்ந்திருக்கும் எனக்கே அவர் முதுகு ஒரு இழுப்பு முன்னால் சாய்வது தெரியும். மேட்டில் ஏறும்போது டைனமோவை எடுத்துவிட்டு இருட்டிலேயே மிதிப்பார். அந்த டைனமோ கொடுத்தது 6 வோல்ட்டில் 3 வாட். அந்த 3 வாட்டுக்கே அந்த இழுப்பு. அதில் பாதிக்கு மேல் உரசலிலேயே போய்விடும் என்பது வேறு.

கரண்ட் சைக்கிளிலும் அதே இயற்பியல்தான், இழப்பு மட்டும் குறைவு. ஜெனரேட்டரில் கொஞ்சம், சார்ஜ் கன்ட்ரோலரில் கொஞ்சம், பேட்டரிக்குள் போய்த் திரும்பி வருவதில் கொஞ்சம், இன்வெர்ட்டரில் கொஞ்சம் என்று போகும். மிதிப்பவர் 80 வாட் கொடுத்தால் ஃபேனுக்கோ விளக்குக்கோ போய்ச் சேருவது 50 வாட். பேட்டரி இல்லாமல் நேராக ஈபி லைனோடு சேரும் வகையில் இழப்பு குறையும். தைவானின் ஸ்போர்ட்ஸ்ஆர்ட் நிறுவனம் தன் மெஷின்கள் 74 சதவீதம் வரை மாற்றித் தருவதாகச் சொல்கிறது. அந்த வகை விலை அதிகம். அதோடு, கரண்ட் போனால் லைன்மேன் பாதுகாப்புக்காக அந்த இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். ஆக, பவர்கட்டுக்கு உதவும் என்று யாராவது சொன்னால் அது பேட்டரி வகையா, லைனோடு சேரும் வகையா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, தம்பியின் எட்டு சைக்கிளுக்கு வருவோம். ஒவ்வொன்றிலும் தினம் நாலு மணி நேரம் யாராவது மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தாராளமாக வைத்தேன். எட்டு சைக்கிள், நாலு மணி நேரம், 50 வாட். ஒரு நாளைக்கு 1.6 யூனிட். பதினாறு ரூபாய்.

அவன் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தான். "ஒரு நாளைக்கா? எட்டும் சேர்த்தா?" என்று இரண்டு முறை கேட்டான்.

மாதம் 416 ரூபாய், வருஷம் 5,000 ரூபாய். இதே தரத்தில் கரண்ட் தராத எட்டு சைக்கிள் 2 லட்சத்துக்குக் கிடைக்கும். அப்படியானால் கரண்டுக்காக மட்டும் கொடுப்பது 2 லட்சம். அது திரும்ப 40 வருஷம். அதற்குள் பேட்டரி தாங்க வேண்டுமே. இந்த அமைப்புக்கு இரண்டு ட்யூபுலர் பேட்டரி வேண்டும், ஒன்று பதினைந்தாயிரம், நன்றாகப் பராமரித்தால் ஐந்து வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 30,000 என்றால் வருஷத்துக்கு 6,000. பேட்டரி மாற்றும் செலவே மிதித்துக் கிடைக்கும் பணத்தைவிட அதிகம். போட்ட பணம் எந்தக் காலத்திலும் திரும்பாது.

வெயிட் தூக்குவதிலிருந்து எடுக்கலாமா என்றும் கேட்டான். 50 கிலோவை 60 சென்டிமீட்டர் அளவுக்கு ஒருமுறை தூக்கினால் 294 ஜூல். பத்துப் பத்தாக மூன்று செட், முப்பது முறை தூக்கினால் 8,800 ஜூல். ஒரு 9 வாட் எல்இடி பல்பு கால் மணி நேரம் எரியும். ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல், வேண்டும் என்றால் அதே வெயிட்டைப் பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் தூக்க வேண்டும். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

நம் ஊரில் மனுஷ உடம்பை மெஷினாக ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. கிணற்றில் ஏற்றம் மிதித்தவர்கள் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார்கள், அவர்கள் எடை, சால் என்கிற தண்ணீர் வாளியைத் தூக்கும். நடுவில் கரண்ட் கிடையாது, பேட்டரி கிடையாது. எடை நேராகத் தண்ணீரைத் தூக்கியது. அப்படியும் ஒரு ஹெச்பி மோட்டார் வந்ததும் ஏற்றம் காணாமல் போனதற்குக் காரணம் உண்டு. ஒரு ஹெச்பி என்பது 746 வாட், ஒன்பது பேர் நிற்காமல் உழைப்பதற்குச் சமம். நாம் பத்து ரூபாய்க்கு வாங்கும் ஒரு யூனிட்டை இந்தச் சைக்கிள்களில் எடுக்க 20 பேர் ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும். கரண்ட் எவ்வளவு பெரிய சக்தி, அதை எவ்வளவு அலட்சியமாகச் செலவு செய்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனசுக்குள் என்னவோ செய்யும்.

இப்போது ஏசி. எங்கள் முடிவை மாற்றிய கணக்கு இது. இதை யாரும் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

உடம்பு சாப்பாட்டை வேலையாக மாற்றுவதில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்துதான் தேறும். மீதி சூடு. 80 வாட் மிதிப்பவர் உடம்பிலிருந்து கிட்டத்தட்ட 280 வாட் சூடு வெளியே வருகிறது, வியர்வை ஆவியையும் சேர்த்து. இந்தச் சூட்டை அறையை விட்டு வெளியே தள்ளுவது ஏசியின் வேலை. நல்ல ஏசி ஒரு யூனிட் கரண்டில் மூன்று, மூன்றரை யூனிட் சூட்டை வெளியேற்றும். ஆக, அந்த ஒருவரின் உடம்புச் சூட்டை வெளியேற்ற மட்டும் ஏசிக்கு 80 முதல் 90 வாட் வேண்டும். அவர் மிதித்துத் தருவது 50 வாட்.

அதாவது ஏசி ஓடும் அறையில் கரண்ட் சைக்கிள் மிதிப்பவர், தான் தருவதைவிட அதிகக் கரண்டைத் தன் சூட்டால் செலவழிக்க வைக்கிறார். அவர் மேல் தப்பில்லை, உடம்பு அப்படித்தான். ஆனால் ஏசி அறைக்குள் எட்டு சைக்கிளை வைத்து 'பசுமை ஜிம்' என்று போர்டு மாட்டுவது சரியாக இருக்காது. ஏசி வேண்டாத அறை, நல்ல காற்றோட்டம், மேலே ஃபேன் என்று இருந்தால் மட்டும்தான் மிதித்த கரண்டுக்கு அர்த்தம் உண்டு.

அதனால் ஃபேனைப் பார்த்தோம். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்கிற, கரண்டைக் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த புது ஃபேன் 30 வாட், காற்று அதே அளவு. ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். இதை ஒரு சைக்கிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஆள் மிதித்துத் தருவது 50 வாட். பழைய ஃபேன் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால், ராத்திரி பகல் என்று இல்லாமல் அது சுற்றும் நேரமெல்லாம் ஒரு ஆள் உங்களுக்காக மிதித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். பத்து ஃபேனுக்குப் பத்து ஆள். அவர்களுக்குக் களைப்பு கிடையாது, லீவும் கிடையாது.

பத்து ஃபேனில் ஒரு நாளைக்கு நாலரை யூனிட் மிச்சம். இருபது ட்யூபையும் 20 வாட் எல்இடி ஆக்கினால் 4.2 யூனிட் மிச்சம். மொத்தம் 8.7. சைக்கிள்கள் தருவதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். செலவு ஃபேனுக்கு 30,000, ட்யூபுக்கு 6,000. மாதம் 2,260 ரூபாய் மிச்சமாவதால் பதினாறே மாதத்தில் பணம் திரும்பிவிடும். வாடகைக் கட்டடத்தைக் காலி செய்தாலும் கழற்றி எடுத்துப் போகலாம். ஃபேன் வாங்கும்போது ஸ்டார் லேபிளைப் பாருங்கள், 2023 முதல் சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத ரகத்தை வாங்கினால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு ஒரு இடி மழைக்கே போய்விடும், வாரண்டி கார்டை முதலில் கேளுங்கள்.

ட்ரெட்மில்லுக்கு ஒரு மாற்று இருக்கிறது. மோட்டாரே இல்லாத, நடுவில் பள்ளமாக வளைந்த ட்ரெட்மில். காலால்தான் பெல்ட் ஓடும், ப்ளக் வேண்டாம். நிறுத்த வேண்டுமா, வேகத்தைக் குறைத்தால் போதும். ஒரு மோட்டார் ட்ரெட்மில்லின் இடத்தில் இதை வைத்தால் தினம் மூன்றரை யூனிட் மிச்சம். எட்டு கரண்ட் சைக்கிள் தருவதைப் போல இரண்டு மடங்கு, அதுவும் ஒரே ஒரு மெஷினில். ஆனால் விலை ஒன்றரை லட்சத்தை ஒட்டி வருகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ட்ரெட்மில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கினால் வருஷம் 11,000 மிச்சத்தில் அது கட்டாது. பழையதன் மோட்டார் எரிந்துபோய் எப்படியும் புதிது வாங்க வேண்டும் என்ற நிலை வரும்போது வாங்கினால் கட்டும்.

மூன்றையும் மாற்றக் கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வளைந்த ட்ரெட்மில்லில் அதே வேகத்துக்கு உடம்பு அதிகம் உழைக்க வேண்டும். ஓடிப் பழகிய பையன்களுக்கு அது பிடிக்கும். காலையில் பத்துப் பதினைந்து அம்மாக்கள் வருகிறார்கள், சுகர் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், முட்டி வலி வேறு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் நடப்பதற்கு மோட்டார் ட்ரெட்மில்தான் அவர்களுக்குச் சரி. கரண்டை மிச்சம் பிடிக்கப் போய் அவர்கள் நடையை நிறுத்திவிடக் கூடாது.

கையையும் காலையும் சேர்த்து ஆட்டி மிதிக்கும் கிராஸ் டிரெய்னரிலும் சைக்கிளிலும் இன்னொரு வகை உண்டு. உள்ளே இருக்கும் சின்ன ஜெனரேட்டர் தன் டிஸ்ப்ளேக்கும் லோடு மாற்றுவதற்கும் மட்டும் கரண்டை எடுத்துக்கொள்ளும். பேட்டரி பேங்க், இன்வெர்ட்டர் எதுவும் கிடையாது, ப்ளக் பாயிண்டும் வேண்டாம். மிதித்த கரண்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை, அந்த நேரத்திலேயே, அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்கிறது. புதிதாக ஜிம் தொடங்குகிறவர்கள் இந்த வகையையே கேளுங்கள்.

அடுத்து சோலார். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் வருஷம் முழுக்கச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 540 வாட் பேனல் ஒன்று, ஒரே ஒன்று, இரண்டு யூனிட்டுக்கு மேல் தருகிறது. எட்டு சைக்கிளில் நாலு மணி நேரம் மாறி மாறி ஆட்கள் மிதித்தாலும் அந்த ஒரு பேனலைத் தொட முடியாது. இதைச் சொன்னதும் தம்பி கொட்டேஷனை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான்.

ஆனாலும் ஜிம்முக்கு சோலாரில் ஒரு சிக்கல் இருக்கிறது, விற்க வருகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. ஜிம்மில் கூட்டம் விடியற்காலையிலும் சாயங்காலமும். வெயில் கொளுத்துவது பதினொன்றிலிருந்து மூன்று வரை, ஜிம் பூட்டிக் கிடக்கும் நேரம். 5 கிலோவாட் போட்டால் ஒரு நாளைக்கு 20 யூனிட் வரும், அதில் பெரும்பகுதி வரும்போது உள்ளே ஒரு ஃபேன்கூட ஓடாது. கடை இணைப்பில் லைனுக்குத் திருப்பித் தரும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிட ரொம்பக் குறைவு. மத்திய அரசின் 78,000 ரூபாய் வரையிலான சூரிய மின் மானியமும் வீடுகளுக்குத்தான், கடைக்குக் கிடையாது. 5 கிலோவாட்டுக்கு ஐந்நூறு சதுர அடி மொட்டை மாடியும் 3 லட்சம் ரூபாயும் வேண்டும். மாடி வீட்டுக்காரருடையது, அவருக்குத் தண்ணீர்த் தொட்டியும் துணிக் கொடியும் அங்கே இருக்கின்றன. தம்பியின் வாடகை ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷம்தான்.

சொந்தக் கட்டடம் இருப்பவர்களுக்கு இது வேறு கதை. அவர்கள் காலை பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் ஒரு லேடீஸ் பேட்ச் நடத்தினால் வெயில் கரண்ட் நேராக உபயோகமாகும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்களுக்கு அந்த நேரம் தோதாகவும் இருக்கும். மேல்மாடி ஜிம் என்றால் பேனல் விழுத்தும் நிழலிலேயே கூரைச் சூடு குறையும். தகரக் கொட்டகை போட்ட ஜிம்காரர்கள் மட்டும், காற்றுக்கும் எடைக்கும் அந்தக் கொட்டகை தாங்குமா என்று ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டாமல் இறங்காதீர்கள்.

வெளிநாட்டில் இதை முயன்றவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2007-ல் ஹாங்காங்கில் ஒரு ஜிம் தன் கார்டியோ மெஷின்களில் விளக்கு எரியவைத்து உலகச் செய்தியானது. 2008-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் 'கிரீன் மைக்ரோஜிம்' தொடங்கியது. அங்கே மிதித்த கரண்டோடு சோலார் பேனலும் இருந்தது, குறைவாக இழுக்கும் ட்ரெட்மில் இருந்தது, ஃபேனையும் டிவியையும் தேவைப்பட்டவர் தேவைப்பட்ட நேரத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தது. எனக்கு அந்த ஜிம்மின் மேல் மதிப்பு உண்டு. சைக்கிளை மட்டும் நம்பாமல், செலவைக் குறைக்கும் வேலையையும் சேர்த்தே செய்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, கரண்ட் சைக்கிளே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஒன்று வேண்டும்.

எங்கள் மாணவர்கள் ஒரு கண்காட்சிக்காகப் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றி, 24 வோல்ட் காந்த டிசி மோட்டார் ஒன்றைப் பெல்ட்டால் இணைத்து ஜெனரேட்டராக்கினார்கள். பேட்டரி போடவில்லை. பலகையில் மூன்று சுவிட்ச். முதலாவது 9 வாட் எல்இடி, இரண்டாவது ஒரு சின்ன ஃபேன், மூன்றாவது 60 வாட் குண்டு பல்பு. பார்க்க வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏறி உட்கார்ந்தாள். எல்இடி எரியும்போது பேசிக்கொண்டே மிதித்தாள். ஃபேன் சுவிட்சைப் போட்டதும் பேச்சு குறைந்தது. குண்டு பல்பைப் போட்ட கணத்தில் பெடல் சட்டென்று கனத்தது, அவள் சீட்டை விட்டு எழுந்து நின்று அழுத்தினாள். கம்பி சிவப்பாக மட்டும் தெரிந்தது, வெளிச்சம் வரவில்லை. "மிஸ், யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். இறங்கியதும் அவள் கேட்டது, "எங்க வீட்டு ஹீட்டர் எவ்ளோ மிஸ்?" 2,000 வாட் என்றேன். அவள் அந்தச் சைக்கிளையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

யூனிட், வாட் என்று நான் கரும்பலகையில் பல வருஷமாக எழுதியது அந்தப் பிள்ளைக்குக் காலில் ஏறியது. அந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு ஜிம்மிலும், முடிந்தால் ஒவ்வொரு பள்ளியிலும், இப்படி ஒரு சைக்கிள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பேட்டரி போடாதீர்கள், இன்வெர்ட்டர் போடாதீர்கள். மிதித்தால் எரிய வேண்டும், நிறுத்தினால் அணைய வேண்டும். பதினைந்தாயிரத்துக்குள் நல்ல லேத் பட்டறையில் செய்துவிடலாம். சுற்றும் பெல்ட்டுக்கு மட்டும் கம்பி வலை மூடி கட்டாயம் போடுங்கள், சுடிதார் ஷாலும் வேட்டியும் அதில் சிக்கினால் ஆபத்து.

ஏசிக்கு நாங்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லை. காலையில் போடுவதில்லை என்று தம்பி முன்பே வைத்திருந்தான். சாயங்காலம் 22-ல் ஓடிக்கொண்டிருந்ததை 26-க்கு ஏற்றி, ஃபேனையும் கூடவே ஓடவிட்டோம். ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் வரை மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. முதல் இரண்டு நாள் பையன்கள் முணுமுணுத்தார்கள். மேற்குப் பக்க ஜன்னலில் ஒட்டியிருந்த போஸ்டர்களைக் கிழித்துவிட்டு இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் மழை மாதங்களில் ஏசியே தேவைப்படாது என்பது என் கணிப்பு, வீட்டுக்காரர் சுவரில் துளை போடச் சம்மதிக்க வேண்டும்.

தம்பி எடுத்த முடிவு இதுதான். பத்து ஃபேனும் இருபது ட்யூபும் உடனே. ஒரு ட்ரெட்மில்லில் ஏற்கெனவே சத்தம் வருகிறது, அது நின்றால் அந்த இடத்தில் வளைந்தது. சோலார் இப்போது கிடையாது, சொந்த இடம் வாங்கினால் முதல் வேலையே அதுதான். வாசல் பக்கம் ஒரே ஒரு கரண்ட் சைக்கிள், எங்கள் மாணவர்கள் செய்து தருகிறார்கள். அதில் மூன்று சுவிட்சும் அப்படியே இருக்கும், குண்டு பல்பு உட்பட.

ஃபேன் மாட்டிய அன்று சாயங்காலம் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பத்து பழைய ஃபேனும் ஓடும்போது அந்த ஒயரில் 3.2 ஆம்பியர் பார்த்திருந்தேன். இப்போது எல்லாவற்றையும் முழு வேகத்தில் வைத்துவிட்டுத் தம்பியையே மீட்டரைப் பிடிக்கச் சொன்னேன். 1.4 காட்டியது. "ஒரு ஃபேன் ஓடலையோ?" என்று மேலே பார்த்து எண்ணினான். பத்தும் ஓடிக்கொண்டிருந்தன.